கீழ்க்கட்டளை ஏரிக்கரையில் கிடைத்த பெண்

1992ஆம் வருஷம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பல்லாவரத்தில் ஒரு பழைய மிஷன் கோயிலின் பின்னறையில், தபீதாள் தன் தாத்தாவைப் பெற்றவளைக் கண்டுபிடித்தாள்.

அவள் அதற்காகப் போகவில்லை. கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கரையான் தின்றுகொண்டிருந்தது. மிச்சம் இருப்பதையாவது யாராவது புது நோட்டில் நகல் எடுத்துத் தர வேண்டும் என்று போதகர் ஆராதனை முடிவில் கேட்டார். சபையில் பாதிப் பேர் தபீதாளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தாம்பரம் சானடோரியத்தில் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கையெழுத்தையே வாசித்துவிடுகிறவள் வேறு எதைத்தான் வாசிக்கமாட்டாள் என்பது அவர்கள் கணக்கு.

முதல் சனிக்கிழமை ஒரு பக்கத்தை வாசிக்க ஒரு மணி நேரம் ஆனது. பதிவேட்டை எழுதிய அந்தக் காலத்து உபதேசியார் புள்ளியே வைக்கவில்லை. ‘கொ’வுக்கும் ‘கோ’வுக்கும் ஒரே எழுத்து. வயதெல்லாம் தமிழ் எண்ணில். இரண்டாவது வாரம் அந்தக் கை பழகிவிட்டது. மூன்றாவது வாரம் அவளுக்கு அவர் மைக்கூட்டில் பேனாவை எப்போது தொட்டார் என்பதுகூடத் தெரிந்தது.

நான்காவது வாரம், 1895ஆம் வருஷத்துப் பக்கத்தில், ‘ஏசுவடியான், தகப்பன் மாசிலாமணி, தாய் லேயாள்’ என்று இருந்தது.

ஏசுவடியான் அவள் தாத்தா. அதற்கு மேல் அவர்கள் வீட்டில் யாருக்கும் ஒரு பெயரும் தெரியாது. தபீதாளின் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் பூர்வீகம் எது என்று கேட்டபோது, அவள் அப்பா தேவசகாயம் கொஞ்சம் யோசித்து, “தாம்பரம்தாங்க” என்றார். அப்பாவும் போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

லேயாள். அந்தப் பெயரை அவள் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். நகல் எடுப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பின்னோக்கிப் புரட்டினாள். கல்யாணப் பதிவேட்டில் 1889இல் மாசிலாமணிக்கும் லேயாளுக்கும் விவாகம். பெண்ணின் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மிஷன் பள்ளிப் பிள்ளை’ என்று மட்டும் இருந்தது. மறுபடியும் ஞானஸ்நானப் பதிவேடு. எண்பத்தைந்து, எண்பத்திரண்டு, எழுபத்தொன்பது. தாள் உதிர்ந்து மடியில் விழுந்தது. சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது. 1878 ஜனவரியில் அவள் விரல் நின்றது.

‘லேயாள். முன் பெயர் கிளியம்மாள். வயது சுமார் ௭. தகப்பன் அரிகிருஷ்ணன், கால்வாய் வெட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. தாய் கங்கையம்மாள், பஞ்சத்தில் மரித்தாள். இவள் கீழ்க்கட்டளை ஏரிக்கரையில் உபதேசி ஞானமுத்துவால் கண்டெடுக்கப்பட்டவள். ஊருக்கு ஆள் விட்டு விசாரித்ததில், சனம் கலைந்துபோய் உறவினர் எவருமில்லை; தம்பி ஒருவனை மாமன் ஊரைவிட்டு அழைத்துப் போனதாகத் தகவல்.’

ஊர் என்ற இடத்தில் ‘கொ’ என்று ஒரு எழுத்து. பிறகு கரையான் தின்ற ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ‘பாககம’.

தபீதாள் நோட்டை மூடி, பதிவேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் போதகர் வீட்டில் கொடுத்துவிட்டு, ரயில்வே ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஏறக்குறைய ஓடினாள். அவள் தம்பி துரை அங்கேதான் வண்டி போடுவான். அவன் வண்டிக்குள் கால் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

“இன்னாக்கா, இப்டி மூச்சு வாங்குது? யாராவது பூட்டாங்களா?”

“இல்லடா. கெடச்சுட்டாங்க.”

அவள் நோட்டைத் திறந்து வாசித்தாள். துரை பேப்பரை மடித்து வைத்தான். கால்களைக் கீழே இறக்கினான். வாசித்து முடித்ததும், “இன்னொரு வாட்டி படி” என்றான். இரண்டாவது தடவை படித்தபோது பக்கத்து வண்டிக்காரர்கள் இரண்டு பேரும் வந்து நின்று கேட்டார்கள்.

“கிளியம்மாவா நம்ம ஆயாவோட மாமியாரு பேரு?” என்றான் துரை. “ஏழு வயசுப் பொண்ணு. ஏரிக்கரையில இன்னா பண்ணிகினு இருந்துச்சு?”

“தெரியல. ஊரைக் கண்டுபிடிச்சா தெரியும்.”

“நாளைக்கே போலாம்.”

“எங்கடா போவ? ‘கொ’ இருக்கு, ‘பாக்கம்’ இருக்கு. நடுவுல ஓட்டை.”

“கொளப்பாக்கம்” என்றான் துரை உடனே. “வண்டலூர் பக்கத்துல. வேற இன்னா?”

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போனார்கள். கொளப்பாக்கத்தில் பகல் முழுக்க வீடு வீடாகக் கேட்டார்கள். அரிகிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு வயது இருபத்தொன்பது, மின்வாரியத்தில் வேலை. அவர் இரண்டு பேருக்கும் காபி கொடுத்து, தன் அப்பா வழியில் ஏழு பேர் பெயரைச் சொன்னார். எதிலும் கிளியம்மாளும் இல்லை, கங்கையம்மாளும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் திரும்பி வரும்போது தபீதாள் மூடிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெருங்களத்தூர் தாண்டியதும் துரை வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். பின்னால் வந்த லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

“இன்னாடா ஆச்சு?”

“அக்கா, அந்தப் பொண்ணு எங்க கெடச்சுதுன்னு போட்டுகீது?”

“கீழ்க்கட்டளை ஏரிக்கரை.”

“அந்தக் காலத்துல பஞ்சம்னா பல்லாவரத்துக்குத்தான் கஞ்சிக்குப் போவாங்கன்னு நம்ம போதகர் ஐயரு சொன்னாரில்ல? வண்டலூர்லேர்ந்து பல்லாவரம் போறவன், நேரா இந்த ரோட்டைப் புடிச்சு தாம்பரம் வழியாப் போவான். கீழ்க்கட்டளைக்கு இன்னாத்துக்குப் போவான்? ரூட்டே இல்லியே.” அவன் முன் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக் காட்டினான். “இந்தாண்ட பல்லாவரம். இந்தாண்ட கீழ்க்கட்டளை. அப்டியே நேரா விட்டா இன்னா ஊரு வருது?”

தபீதாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ‘கொ’வும் ‘கோ’வும் ஒரே எழுத்து என்பதை நான்கு வாரமாக அவள்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கோவிலம்பாக்கம்” என்றாள்.

“தெனம் ரெண்டு சவாரி அடிக்கிறேன்க்கா அங்க” என்றான் துரை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை அந்த வாரம் நகரவே மாட்டேன் என்றது. ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் பழைய கேஸ் ஷீட்டை எடுக்கப் போய் வேறொருவருடையதைக் கொடுத்துவிட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அது முதல் தடவை. வீட்டில் கணவர், “நூறு வருஷம் முன்னாடி செத்தவங்களுக்காக இன்னைக்கு சாம்பார்ல உப்பு போடல நீ” என்றார். அதுவும் உண்மைதான்.

கோவிலம்பாக்கத்தில் டீக்கடையில் விசாரித்தார்கள். அரிகிருஷ்ணன் என்ற பெயரைச் சொன்னதும் கடைக்காரர் கையை நீட்டினார். “அரிகிருஷ்ணன் வகையறாவா? அதோ, பச்சை கேட்டு. ஜெயவேலு வூடு. கேட்டாண்டையே பிளாட்டு போர்டு வெச்சிருப்பாரு பாருங்க.”

வயலாக இருந்த இடமெல்லாம் எல்லைக்கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கல்லுக்குக் கல் சின்னச் சின்னக் கொடிகள். ஜெயவேலுவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முன்னறையில் மேஜை மேல் மனைப்பிரிவு வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்று வரவேற்றார்.

“வாங்க, வாங்க. கார்னர் பிளாட்டு ரெண்டுதான் பாக்கி கீது. ஸ்டேஷன் பத்து நிமிஷம்.”

“நாங்க பிளாட்டுக்கு வரல சார்” என்றாள் தபீதாள். “ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். உங்க வம்சத்துல அரிகிருஷ்ணன்னு பெரியவர் ஒருத்தர் இருந்தாரா?”

“எங்க தாத்தாவோட அப்பா. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?”

தபீதாள் நோட்டைத் திறந்தாள். “அவங்க வீட்டம்மா பேரு கங்கையம்மாளா?”

“ஆமா.” அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. “யாரு சொன்னது உங்களுக்கு?”

“அவங்களுக்குக் கிளியம்மாள்னு ஒரு பொண்ணு இருந்தாங்களா சார்?”

உள்ளே இருந்து மோர் டம்ளர்களோடு வந்த ஒரு பெண்மணி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். ஜெயவேலுவின் மனைவி பொன்னியம்மாள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. ஜெயவேலு திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு தபீதாளைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

“எந்த வக்கீல் அனுப்சாரு உங்கள?”

“வக்கீலா?”

“பொண்ணுங்களுக்கும் சொத்துல பங்குன்னு சட்டம் வந்தாலும் வந்துச்சு. நெலம் வெல ஏறிச்சின்னதும், ஆளாளுக்குப் பழைய பேரை எழுதிகினு வந்துட்றாங்க.”

துரை ஒரு அடி முன்னால் வந்தான். “சார், யாரைப் பாத்து இன்னா பேசறீங்க? நாங்க உங்க நெலத்தைக் கண்ணால கூடப் பாக்கல.”

தபீதாள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் மெதுவாகப் பேசினாள். “எங்களுக்கு எதுவும் வேண்டாம் சார். அந்தக் கிளியம்மாள் எங்க தாத்தாவோட அம்மா. பல்லாவரம் கோயில் ரெஜிஸ்டர்ல இருக்கு. என் பேரு தபீதாள். சானடோரியம் ஆஸ்பத்திரியில ரெக்கார்டு ரூம்ல இருக்கேன். தெரிஞ்சுக்கணும்னுதான் வந்தோம்.”

“தெரிஞ்சுகினீங்க இல்ல? கெளம்புங்க.”

கேட்டுக்கு வெளியே வந்ததும் துரை ஆட்டோவை இரண்டு உதை உதைத்துக் கிளப்பினான். மேடவாக்கம் ரோடு திரும்பும் வரை புலம்பிக்கொண்டே வந்தான். தபீதாள் பின்சீட்டில் சிரித்துக்கொண்டிருந்தது அவனுக்கு அப்புறம்தான் கண்ணாடியில் தெரிந்தது.

“இன்னாக்கா சிரிக்கிற? நாய தொரத்தற மாரி தொரத்திட்டாரு.”

“தொரத்தினாரு. ஆனா அப்படி ஒருத்தி இல்லேன்னு சொன்னாரா?”

துரை யோசித்தான். “சொல்லல.”

“அந்தம்மா கையில டம்ளர் ஆடினதைப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“அவங்களுக்குத் தெரியும்டா. கிளியம்மா யாருன்னு அந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.”

நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ரெக்கார்டு ரூம் ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. பொன்னியம்மாள். பட்டுப் புடவை, கையில் வயர் கூடை. இரண்டு பஸ் மாறி, ஆஸ்பத்திரி வளாகத்தில் மூன்று கட்டடம் அலைந்து வந்திருந்தார்.

“அவருக்குத் தெரியாது நான் வந்தது” என்றார் முதல் வார்த்தையாக. “சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் புடவை எடுக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன். எனக்கு அந்த ரெஜிஸ்டரைக் காட்டு.”

தபீதாள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பொன்னியம்மாள் தலையை ஆட்டினார்.

“நீ எழுதனது வாணாம்மா. அந்தக் காலத்துல எழுதனாங்களே, அதைக் காட்டு.”

தபீதாள் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். துரைக்குப் போன் இல்லை. சானடோரியத்திலிருந்து ரயிலில் ஏறி, குரோம்பேட்டை தாண்டி, பல்லாவரத்தில் இறங்கி அவனை ஸ்டாண்டில் பிடித்தார்கள். பொன்னியம்மாள் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்டார். போதகர் தாமே வந்து பின்னறையைத் திறந்துவிட்டு, மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

தபீதாள் பதிவேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். திறக்கப் போனபோது பொன்னியம்மாள் அட்டைமேல் கையை வைத்தார்.

“இரு. நீ படிச்சிட்டீன்னா, நான் அதைக் கேட்டுகினு சொல்றேன்னு ஆயிடும். எங்க வூட்டுல சொல்றதை நான் மொதல்ல சொல்றேன். அப்புறமா நீ பாரு, ஒத்து வருதா இல்லையான்னு.”

துரை வாசலில் நின்றிருந்தவன் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தான்.

“எங்க வூட்டுல ஒரு சாமி கீது” என்று தொடங்கினார் பொன்னியம்மாள். “படம் கெடையாது, செலை கெடையாது. நடு வூட்டுச் செவுத்துல மஞ்சா பூசிக் குங்குமம் வெச்ச எடம், அவ்ளோதான். பேரு கிளியம்மா. ஆடி மூணாவது வெள்ளி அவளுக்குப் படையல். ஏழு வயசுப் பொண்ணு அளவுக்குப் பாவாடை சட்டை தைக்கணும். கண்ணாடி வளையலு, ரிப்பனு, கல்கோனா மிட்டாய். நான் மருமவளா வந்து முப்பத்திரண்டு வருஷமா நான்தான் பாவாடை தைக்கிறேன்.”

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார்.

“தாது வருஷப் பஞ்சம் வந்துச்சில்ல? வூட்டுக்காரன் கால்வாய் வேலைக்குப் போனவன் வரல. கங்கையம்மா ரெண்டு புள்ளைங்களையும் இட்டுகினு கஞ்சி ஊத்தற எடத்துக்கு நடந்தா, பல்லாவரத்துக்கு. பெரியது பொண்ணு. அதால நடக்க முடியல. ஏரிக்கரையில குந்த வெச்சுட்டு, கஞ்சி வாங்கியாறேன்னு சொல்லி, சின்னதைத் தோள்ல போட்டுகினு போனா. திரும்பி வந்தா பொண்ணு இல்ல. நரி தூக்கிகினு பூட்ச்சின்னு சொன்னாங்க. அதே ஏக்கத்துல அவளும் பத்து நாள்ல போய்ச் சேந்தா. புள்ளைய மாமன் பட்டணத்துக்கு இட்டுகினு பூட்டான். வளந்து ஆளாயி ஊருக்குத் திரும்பி வந்துதான் நெலம் வாங்கனாரு. அவருதான் எங்க வூட்டுக்காரரோட தாத்தா, குப்புராஜ்.”

“எந்த ஏரி?” என்று கேட்டாள் தபீதாள். மறுபடி கேட்டாள். “எந்த ஏரிக்கரையில உட்கார வெச்சாங்க?”

“கீழ்க்கட்டளை ஏரி.”

துரை எழுந்து நின்றான். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தான்.

தபீதாள் பதிவேட்டைத் திறந்தாள். பக்கத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு அடையாளம் தேவைப்படவில்லை. வரியின் அடியில் விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். கிளியம்மாள் என்ற இடம் வந்ததும் பொன்னியம்மாள் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். கால்வாய். கங்கையம்மாள். கீழ்க்கட்டளை ஏரிக்கரை. தம்பி. மாமன். வாசித்து முடித்தபோது பொன்னியம்மாளின் வாய் திறந்தபடியே இருந்தது.

“நரி தூக்கல” என்றார்.

“இல்லீங்க. உபதேசியார் ஒருத்தர் தூக்கிட்டு வந்திருக்காரு. அம்மா வர்றதுக்கு முன்னாடி.”

“நரி தூக்கல” என்றார் மறுபடி, இந்தத் தடவை சிரித்துக்கொண்டே. சிரிப்போடு கண்ணிலிருந்தும் வழிந்தது. “அப்புறம்? அப்புறம் இன்னா ஆனா?”

அப்புறம் என்ன ஆனாள் என்பது முழுக்க அந்த அறையில்தான் இருந்தது. தபீதாள் பீரோவிலிருந்து ஒவ்வொரு பதிவேடாக இறக்கினாள். துரை தாங்கி வாங்கினான். பதினெட்டு வயதில் கல்யாணம். “மாப்ள இன்னா வேலை?” என்றார் பொன்னியம்மாள், ஏதோ பெண் கொடுக்கப் போகிறவரைப் போல. ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் என்று எழுதியிருந்தது. “பரவால்ல” என்றார். பிள்ளைகள் ஆறு. ஒவ்வொரு பெயரையும் தபீதாள் வாசிக்க, பொன்னியம்மாள் விரல் மடக்கினார். இரண்டு பிள்ளைகள் சின்னதிலேயே தவறிவிட்டதை அடக்கப் பதிவேடு சொன்னபோது, மடக்கிய விரல்களில் இரண்டைத் திறந்தார்.

“அவ எப்போ போனா?”

“1933, மார்ச் மாசம். வயசு அறுபத்திரண்டுன்னு போட்டிருக்கு.”

“அறுவத்திரண்டா?” பொன்னியம்மாள் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “பேரன் பேத்தி எல்லாம் பாத்திருப்பாளே. நாங்க இன்னும் பாவாடை தெச்சிகினு இருக்கோம்.”

துரைதான் முதலில் சிரித்தான். மூன்று பேரும் அந்தப் பழைய காகித வாசனைக்கு நடுவில் சிரிக்கிற சத்தம் கேட்டுப் போதகர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு முறை பார்க்க ஆரம்பித்தார் பொன்னியம்மாள். விரலை மேஜைமேல் வைத்து நகர்த்தினார். “கிளியம்மா புள்ளையும் என் மாமனாரும் அத்தை புள்ள, மாமன் புள்ள. அப்போ உங்கப்பாவும் எங்க வூட்டுக்காரரும் மச்சான் மொறை. அப்போ நீ...” அவர் நிமிர்ந்தார். “நான் உனக்கு அத்தையாவணும்.”

“அப்ப அன்னிக்கு எங்கள தொரத்தனவரு?” என்றான் துரை.

“மாமா.”

துரை தலையைச் சொறிந்தான்.

புறப்படும்போது பொன்னியம்மாள் பதிவேட்டின் அருகில் குனிந்து, “தொடலாமா?” என்று கேட்டார். தபீதாள் சரி என்றதும் அந்தப் பெயரை ஒற்றை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புடவை எடுக்காமல் வெறும் கூடையோடு வீட்டுக்குப் போனால் மாட்டிக்கொள்வோம் என்பது ஸ்டேஷன் வந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. தபீதாளும் அவரும் பல்லாவரம் கடையில் அவசரமாக ஒரு புடவை எடுத்தார்கள்.

ஆனாலும் அன்று சாயங்காலமே அவர் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூன்று வாரம் எந்தச் செய்தியும் இல்லை. அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு பொன்னியம்மாளே சொன்னார். ஜெயவேலு இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள், “உசுரோட இருந்தவளையா இத்தனை வருஷம் கும்பிட்டோம்? கேட்டா ஊரே சிரிக்கும்” என்றாராம். அதற்குப் பொன்னியம்மாள், “எப்டியும் செத்து சாமியாத்தானே ஆனா? நாம ஒரு அம்பத்தஞ்சு வருஷம் முன்னாடியே கும்பிட ஆரம்பிச்சுட்டோம், அவ்ளோதான்” என்றாராம்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து தபீதாளும் துரையும் வெளியே வந்தபோது, கோயில் வாசலில் வேப்ப மரத்தடியில் ஜெயவேலு ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்திவிட்டு நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். துரையின் நடை மெதுவானது. ஜெயவேலு அவனைப் பார்க்காமல் தபீதாளிடம் கவரை நீட்டினார்.

“ஜெராக்ஸ்தான். ஒரிஜினல் லாக்கர்ல கீது. பழைய எழுத்து உனக்குப் படிக்க வரும்னு அவ சொன்னா. மூணாவது பக்கம், கீழ.”

அது 1904ஆம் வருஷத்துப் பத்திரம். கோவிலம்பாக்கம் அரிகிருஷ்ணன் குமாரன் குப்புராஜ் தன் வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதி வைத்தது. முன்பகுதி முழுக்க நான்கு எல்லை, கிணறு, தென்னை. தபீதாள் மூன்றாவது பக்கத்துக்கு வந்தாள். நின்றபடியே உரக்க வாசித்தாள்.

“‘என் தமக்கை கிளியம்மாள் தாது வருஷத்தில் காணாமல் போனவள், என்றைக்காவது திரும்பி வந்தாலும், அவள் வயிற்றில் பிறந்தவர்கள் வந்தாலும், அவர்களை இந்த வீட்டு மனுஷராக வைத்து ஆதரிக்க வேண்டியது.’”

வெளியே வந்துகொண்டிருந்த சபையார் சிலர் நின்று பார்த்தார்கள்.

“அவர் நம்பல” என்றாள் தபீதாள். “நரி தூக்கினதா அவர் நம்பவே இல்ல.”

“ஊரு கும்பிட்டுச்சு. அவரும் கும்பிட்டாரு. ஆனா எழுதியும் வெச்சுட்டாரு” என்றார் ஜெயவேலு. “இந்த வரி எனக்கு மனப்பாடம்மா. பத்திரம் பாக்க வர்ற ஒவ்வொரு வக்கீலும், இது இன்னா வரின்னு கேப்பான். நீ வந்து அந்தப் பேரைச் சொன்னதும் எனக்கு இதான் ஞாபகம் வந்துச்சு. பயந்துட்டேன். வூட்டுக்கு வந்தவங்களை அப்டிப் பேசனது தப்பு.”

அவர் கடைசி வாக்கியத்தைத் துரையைப் பார்த்துச் சொன்னார். துரை தரையைப் பார்த்தான். காலால் ஒரு வேப்பங்கொட்டையை நகர்த்தினான்.

“வுடுங்க மாமா” என்றான்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜெயவேலு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், வெயிலுக்கு என்பது போல.

தபீதாள் பத்திரத்தின் தேதியை மறுபடி பார்த்தாள். 1904இல் லேயாளுக்கு முப்பத்துமூன்று வயது. ஏசுவடியானுக்கு ஒன்பது. தம்பி கோவிலம்பாக்கத்தில் இந்த வரியை எழுதச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அக்கா இதோ இந்தக் கோயிலில் இருந்தாள். நடுவில் ஒரு ஏரி, ஒரு மண் ரோடு. பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரே கடையில் இரண்டு பேரும் கத்தரிக்காய் பொறுக்கியிருக்கலாம். அதை அவள் சொன்னபோது ஜெயவேலு, “எங்க தாத்தா ஒரு சந்தை விட மாட்டாராம். எங்கப்பா சொல்லுவாரு” என்றார்.

அடக்கப் பதிவேட்டை வைத்துக்கொண்டு அன்றே மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். 1933ஆம் வருஷத்து வரிசையில் பாதிக்கு மேல் கல் இல்லை. லேயாள் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வெயில் ஏறும் வரை துரை புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தான். கடைசியில் ஜெயவேலு, “சரி, இந்த வரிசையில எங்கயோ கீறா. அது போதும்” என்றார்.

ஆடி மூன்றாவது வெள்ளிக்கு ஜெயவேலு வீட்டிலிருந்து முறைப்படி வெற்றிலை பாக்கோடு வந்து அழைத்தார்கள். தபீதாளுக்குத் தயக்கம் இருந்தது. படையலுக்கு முன்னால் நின்று தான் என்ன செய்வது என்று பொன்னியம்மாளிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

“நீ கை கூப்ப வாணாம், விபூதி வாணாம். ஒரு ஓரமா நில்லு. அந்த ஆறு புள்ளைங்க பேரை மட்டும் சத்தமாப் படி. எங்க வூட்டு ஆளுங்க எல்லாம் கேக்கட்டும்” என்றார் அவர்.

அப்படியே செய்தார்கள். தபீதாளின் கணவரும் துரையும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மஞ்சள் பூசிய சுவருக்கு முன்னால் அந்த வருஷம் பாவாடை இல்லை. அரக்கு நிறத்தில், தலைப்பில் ஜரிகையோடு, பன்னிரண்டு முழப் புடவை மடித்து வைத்திருந்தது. வளையலும் பெரிய அளவு. மிட்டாய் மட்டும் போன வருஷம் மாதிரியே. “அதை நிறுத்த மனசு வரல” என்றார் பொன்னியம்மாள். தபீதாள் நோட்டைத் திறந்து பெயர்களை வாசித்தாள். நாற்பது பேருக்கு மேல் நிறைந்திருந்த அந்தக் கூடத்தில் குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. மூன்றாவது பெயர் ஏசுவடியான். அந்த இடத்தில் அவள் நோட்டிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள். துரை பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

படையல் முடிந்ததும் ஜெயவேலு அந்தப் புடவையை ஒரு தட்டில் வைத்து, தேங்காய் பழத்தோடு தபீதாளிடம் கொடுத்தார். “தாய் வூட்டுச் சீரு” என்றார். “நூத்திப் பதினாலு வருஷமா வெச்சிகினு இருந்தோம்.”

பந்தி முடிந்து கை கழுவ வந்தவர்கள் எல்லாம் பின்கட்டுக் கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்தார். புதிதாகத் தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, தபீதாளின் கழுத்துச் சிலுவையில் வந்து நின்றார்.

“இவங்க யாரு பொன்னி? பாத்ததே இல்லியே.”

“எங்க வூட்டுப் பொண்ணோட வாரிசு” என்றார் பொன்னியம்மாள்.

“எந்தப் பொண்ணு? உனக்குத்தான் பொண்ணே இல்லியே.”

பொன்னியம்மாள் தபீதாளின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

“மூத்த பொண்ணு” என்றார். “பல்லாவரத்துல குடுத்திருந்தோம்.”